ஆற்றின் கணக்கை நாம் எழுதுவோம்

(எண்ணூர் கழிமுகக் கரையில் மீனவர் சங்கம் கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒலிபெருக்கி வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இந்த ஆறு இருக்குதா இல்லியா, அதை யாரு முடிவு பண்றது?” கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கு இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் இந்தக் குப்பத்தில் பிறந்தவன் இல்லை, தண்டையார்பேட்டைக்காரன். ஆனால் மணலிக் காற்றை இழுத்து வளர்ந்தவன், கொசஸ்தலை ஆற்று மீனைத் தின்று வளர்ந்தவன். இந்தக் கேள்வி என்னுடையதும்தான்.

ஆறு இருக்கிறதா இல்லையா என்று ஒருவர் கேட்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. கடல் ஓதம் ஏறி இறங்குகிற ஆறு, கழி, சேற்று நிலம், அலையாத்திக் காடு எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று அது சொன்னது. அதன்படி தமிழ்நாட்டுக் கடற்கரை முழுமைக்கும் வரைபடம் தயாரானது. 1996இல் மத்திய அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த வரைபடத்தில் நம் கழிமுகம் இருந்தது. முகத்துவாரத்திலிருந்து பழவேற்காட்டுப் பக்கம் வரைக்கும் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு என்று குறித்து, கை வைக்கக் கூடாத இடம் என்ற வகையில் அதைச் சேர்த்திருந்தார்கள்.

பிறகு இன்னொரு வரைபடம் வந்தது. 2009 என்று ஆண்டு போட்ட வரைபடம். 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டபோதுதான் அது வெளியே தெரிந்தது. அதில் கழிமுகம் இல்லை. ஓதம் ஏறுகிற தண்ணீரும் இல்லை, சேறும் இல்லை, அலையாத்தியும் இல்லை. நீங்கள் வலை வீசிக்கொண்டிருந்த அதே நாட்களில், உங்கள் படகு மிதந்துகொண்டிருந்த அதே தண்ணீரை, யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து துடைத்து எடுத்துவிட்டார். ஒப்புதல் பெற்றது 1996 வரைபடம் மட்டும்தான் என்று மத்திய அமைச்சகமே பிறகு பதில் கொடுத்தது. ஆனால் அதற்குள் என்ன நடந்தது? இந்த ஈரநிலத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் மண்ணையும் சாம்பலையும் கொட்டி மூடியாகிவிட்டது. துறைமுகம் விரிந்தது, நிலக்கரிக் கிடங்கு வந்தது, சாலை வந்தது.

தோழர்களே, ஒரு வீட்டை இடிப்பதென்றால்கூட நோட்டீஸ் ஒட்ட வேண்டும்.  ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட தண்ணீரை வரைபடத்திலிருந்து நீக்கியபோது காட்டுக்குப்பத்தில் ஒருவரையாவது கேட்டார்களா? முகத்துவாரக் குப்பத்தில் கேட்டார்களா? சிவன்படை வீதிக் குப்பத்தில் கேட்டார்களா? ஆற்றில் எந்த மாதம் எங்கே எத்தனை ஆழம் என்று கால் பாதத்தால் அளந்து வைத்திருக்கும் மனிதர்கள் நீங்கள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது. அதனால்தான் உங்களைக் கேட்கவில்லை.

கேள்விக்கு என் முதல் பதில் இது. இதுவரைக்கும் முடிவு செய்தவர்கள் தாளை வைத்திருந்தவர்கள். தண்ணீரில் நின்றவர்கள் முடிவு செய்யவில்லை.

அடுத்ததாகச் சாம்பலைப் பற்றிப் பேச வேண்டும். இதைப் பற்றி நான் நீட்டித்தான் பேசுவேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட். 2017இல் மூடினார்கள். 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் வந்தது, 630 மெகாவாட். 2010களில் இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். 2024 மார்ச்சில் வடசென்னையின் மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். கூட்டிப் பாருங்கள். ஒரு சிறு கழிமுகத்தைச் சுற்றி இத்தனை உலைகள். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் சாம்பல்தான். எரிகிற ஒவ்வொரு மூன்று டன்னுக்கும் ஒரு டன் சாம்பலை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். அந்தக் குழாய் பழையது. உடைகிறது. உடைந்த இடம் ஆற்றின் ஓரம். கொட்டுவது ஆற்றுக்குள்ளே.

சாம்பல் ஆற்றில் என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்துக்கு நகரத்திலிருந்து வந்திருக்கும் பத்திரிகை நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இறால் கடலில் முட்டையிடும். பொரித்து வந்த குஞ்சு ஓதத்தோடு மிதந்து வந்து கழிக்குள் நுழையும். பேரப்பிள்ளை பாட்டி வீட்டில் வளர்வது மாதிரி இந்தச் சேற்றில், இந்த அலையாத்தி வேரடியில், உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் அது வளரும். வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். அதற்குச் சேறு வேண்டும், புதைந்துகொள்ள மிருதுவான அடித்தளம் வேண்டும். சாம்பல் விழுந்தால் அடித்தளம் இறுகுகிறது, மேடாகிறது. ஆழம் குறைந்தால் தண்ணீர் சூடாகிறது. போதாததற்கு மின்நிலையத்தின் குளிர்விப்புக் குழாயிலிருந்து சுடுதண்ணீர் வேறு வந்து விழுகிறது. சாம்பலில் பாதரசம் இருக்கிறது, ஈயம் இருக்கிறது, ஆர்செனிக் இருக்கிறது, காட்மியம் இருக்கிறது. பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற நம் சகோதரிகளும் இருளர் மக்களும் எதைத் தடவுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. அவர்களுடைய விரல் சாம்பலுக்குள் இருக்கிறது.

நிலக்கரிச் சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் பயன்படுத்த வேண்டும், வீணே கொட்டக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை போட்டது 1999இல். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சட்டம் டெல்லியில் இருக்கிறது, சாம்பல் நம் காலடியில் இருக்கிறது.

இதை யார் கேட்டார்கள்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தானாக எழுந்து வந்து கேட்டதா? இல்லை. காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் 2016இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டினார். கூட்டு நிபுணர் குழு வந்தது. ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தது. நீங்கள் பல வருஷமாகக் கத்திச் சொன்னதெல்லாம் உண்மை என்று எழுதியது. 2022 ஜூலையில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே மீட்க வேண்டும், சாம்பலை அகற்ற வேண்டும், குழாய்களைச் சரிசெய்ய வேண்டும், இந்த ஈரநிலத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இது சின்ன வெற்றி இல்லை. ஒரு மீனவன் தன் பெயரில் மனுப் போட்டு, அரசு நிறுவனத்தை நீதிமன்றத்தில் நிறுத்தி, ஆறு வருஷம் நின்று வென்றிருக்கிறான். நான் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவன். வழக்கு நடத்துவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். தினமும் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருஷம் வழக்கு நடத்துவதை நினைத்தால் என் தலை தானாகத் தாழ்கிறது.

ஆனால் தீர்ப்பு வந்த அன்றைக்கே சாம்பல் எழுந்து போய்விடவில்லை. தீர்ப்பை நிறைவேற்ற வைப்பதற்கு இன்னொரு போராட்டம் வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2017 ஜனவரி 28, விடியற்காலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் கொட்டியது. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றுதான் முதல் அறிக்கை சொன்னது. மறுநாள் எர்ணாவூர்க் கரையில் தாரைப் போலக் கறுத்துக் கெட்டியாக எண்ணெய் ஒதுங்கியது. ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆயிரக்கணக்கான பேர் வாளியை வைத்துக்கொண்டு அள்ளினார்கள். நாடு முழுதும் அந்த வாளியைப் பார்த்தது.

அப்போதாவது பாடம் படித்தார்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும்போதே மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் வந்தது. கடலில் இருபது சதுர கிலோமீட்டர் பரப்பில் படர்ந்தது என்று கடலோரக் காவல்படை சொன்னது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி, கூழைக்கடாவின் சிறகு, எல்லாம் எண்ணெய். ஏழு வருஷம் கழித்து மறுபடி அதே வாளி. இந்த முறை அள்ளியவர்கள் நீங்களே. தொடக்க நாட்களில் கையுறைகூட இல்லாமல் உங்கள் தம்பிகள் எண்ணெய்க்குள் இறங்கினார்கள். மூச்சு முட்டியது, தோல் வெந்தது, தலை சுற்றியது.

நிவாரணம் அறிவித்தார்கள். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000. மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. நான் ஒன்று கேட்கிறேன். இந்த எண்ணிக்கையை எப்படி எடுத்தார்கள்? படகு இருந்தால் கணக்கில் உண்டு, வலை இருந்தால் உண்டு. கையால் இறால் பிடிக்கிற அம்மாவுக்குப் படகும் இல்லை வலையும் இல்லை. அவருடைய தொழில் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? கருவாடு போடுகிறவர், மீனைச் சுமந்து விற்கிறவர், வலை பின்னுகிறவர் எங்கே இருக்கிறார்கள்? எண்ணூர் மீன் என்று தெரிந்தால் வாங்குகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அந்த மாதங்களின் நஷ்டத்தை யார் எழுதி வைத்தார்கள்? எழுதி வைக்காத நஷ்டத்துக்கு இந்த நாட்டில் இழப்பீடு கிடையாது.

அதே 2023 டிசம்பர் 26ஆம் தேதி. சுனாமியில் போனவர்களுக்காகக் காலையில் கடலில் பூவும் பாலும் விட்ட நாள். அன்று இரவு நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், கடலுக்கு அடியில் போகிற அம்மோனியாக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, தொண்டை எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஒரு சங்கு ஊதவில்லை. அதற்குப் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதே தேதியில் கடல் வந்தபோதும் எச்சரிக்கை இல்லை. கடலை யாரும் தடுக்க முடியாது. ஒரு தொழிற்சாலைக் குழாயையுமா தடுக்க முடியாது?

அதற்குப் பிறகு இந்தப் பகுதியின் முப்பத்து மூன்று கிராமங்களும் போராட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்தது தமிழ்நாட்டு மீனவர் போராட்ட வரலாற்றில் எழுதி வைக்க வேண்டிய செய்தி. கிராமத்துக்குக் கிராமம் வலைத் தகராறு உண்டு, எல்லைத் தகராறு உண்டு. அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பந்தலில் ஒன்றாக உட்கார்ந்தீர்கள்.

இன்னொன்று. கொஞ்ச வருஷமாக இந்த ஆற்றில் கறுப்பாக ஒரு சிப்பி படர்கிறதே, நீங்கள் காக்கா ஆழி என்கிறீர்களே, அது இந்த மண்ணின் சிப்பி இல்லை. மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்கள் நிறைக்காகச் சுமந்து வந்து துறைமுகத்தில் கொட்டுகிற தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றின் அடித்தளம் முழுவதையும் அது பாய்விரித்து மூடிக்கொண்டால் இறால் எங்கே புதையும்? மஞ்சள் மட்டி எங்கே வாழும்? விஞ்ஞானிகள் கட்டுரை எழுதுவதற்கு முன்னால் இதைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நீங்கள். காலில் கீறல் பட்டவர்கள் நீங்கள்.

இதையெல்லாம் சொன்னால் எதிரிலிருந்து ஒரு குரல் வரும். “மின்சாரம் வேண்டாமா? துறைமுகம் வேண்டாமா? நாடு வளர வேண்டாமா?” இந்தக் குரலுக்கு நேருக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும், நழுவக் கூடாது.

மின்சாரம் வேண்டும். அதன் சாம்பலைக் கொட்ட ஆறு எதற்கு? சாம்பலைக் கசியாத குழாயில் கொண்டுபோகப் பணம் செலவாகும். அந்தப் பணத்தை மின்நிலையம் செலவழிக்கவில்லை. அந்தச் செலவை உங்கள் தலையில் இறக்கி வைத்தது. குறைந்துபோன மீன்பாடாக, பிள்ளைகளின் இளைப்பாக, விற்றுப்போன தாலியாக நீங்கள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தென்சென்னையில் ஒரு மின்விசிறி சுழலும்போது அதன் உண்மையான கட்டணத்தில் ஒரு பகுதியைக் காட்டுக்குப்பம் கட்டுகிறது. நாடு வளர வேண்டும் என்கிறவர்கள் முதலில் இந்தக் கடனைத் திருப்பித் தரட்டும். பிறகு பேசலாம்.

இன்னொரு பதிலும் இருக்கிறது. அது உங்களுக்காக இல்லை, சென்னை நகரத்துக்காக. சென்னைக்கு மூன்று ஆறுகள். அடையாறு, கூவம், கொசஸ்தலை. மூன்றிலும் பெரியது கொசஸ்தலை. பூண்டி ஏரி நிரம்பி மதகைத் திறந்தால் அந்த வெள்ளம் வந்து சேர வேண்டிய வாசல் இந்த முகத்துவாரம். இந்த வாசலைச் சாம்பலாலும் மண்ணாலும் அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? மணலிக்குப் போகும், திருவொற்றியூருக்குப் போகும். 2015இல் பார்த்தோம், 2023இல் பார்த்தோம். எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பது மீனவர் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கும் நகரவாசிகள், அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் இங்கே ஒருமுறை வந்து இந்த முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

வடக்கே காட்டுப்பள்ளியில் இருக்கிற துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிக்க வேண்டும் என்று ஒரு திட்டம். ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னாக இருக்கிற சரக்கு கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக்க வேண்டும் என்று விண்ணப்பம். அதில் கணிசமான பங்கு கடலையே தூர்த்து நிலமாக்குவது. 2021 ஜனவரியில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று நாள் குறித்தார்கள், தள்ளி வைத்தார்கள். 2023 செப்டம்பரில் மறுபடி குறித்தார்கள், ரத்து செய்தார்கள். ஏன் ரத்து? பழவேற்காட்டு மக்கள் தயாராக இருந்தார்கள், அதனால். கருத்துக்கேட்பு என்றால் மக்கள் வந்து கைகட்டி நின்று கேட்டுவிட்டுப் போவார்கள் என்ற காலம் போய்விட்டது.

ஒரு வெளிநாட்டுக் கதை சொல்லி, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் என்று ஒரு ஆறு. அங்கேயும் உங்களைப் போல ஆற்றை நம்பிப் பிழைத்த மீனவர்கள் இருந்தார்கள். ரயில் நிறுவனத்தின் குழாய் ஒன்று ஆற்றில் எண்ணெயை விட்டது. பிடித்த ஷாட் மீனில் டீசல் நாற்றம். சந்தையில் வாங்க ஆள் இல்லை. நம் கதைதான். 1966இல் அந்த மீனவர்கள் ஹட்சன் ஆற்று மீனவர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். குழாயை வெடிவைத்துத் தகர்த்துவிடலாம் என்று கோபத்தில் பேசியவர்களும் அங்கே உண்டு. அவர்களோடு இருந்த ஒரு பத்திரிகையாளர், ராபர்ட் பாயில் என்பவர், பழைய சட்டப் புத்தகத்தில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஆற்றில் கழிவு கொட்டுவது குற்றம் என்று 1899இலேயே ஒரு சட்டம். குற்றத்தைக் காட்டிக்கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதி. யாருமே பயன்படுத்தாமல் கிடந்த சட்டம். மீனவர்கள் என்ன செய்தார்கள்? குழாய் எங்கே, எப்போது திறக்கிறது, எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்து, பாட்டிலில் பிடித்து, எழுதி, வழக்குப் போட்டார்கள். ரயில் நிறுவனம் அபராதம் கட்டியது. அடுத்து ஒரு கம்பி ஆலை இரண்டு லட்சம் டாலர் கட்டியது. அந்தப் பணத்தை வைத்து அடுத்த வழக்கு. பின்னாளில் ஆற்றுக்கென்று சம்பளம் கொடுத்து ஒரு காவலரையே வைத்தார்கள்.

அவர்கள் நம்மைவிடப் படித்தவர்கள் இல்லை. எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கத்தாரிடம் நான் கேட்பது இதுதான். இந்தக் கழிமுகத்துக்கு ஒரு பதிவேடு வேண்டும். சங்கத்தின் பதிவேடு. யார் வீட்டிலும் முடங்காமல் சங்கக் கட்டடத்தில் பூட்டி வைக்கிற பதிவேடு. சாம்பல் குழாய் எந்தத் தேதியில் எந்த இடத்தில் உடைந்தது என்று எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கும்போது இடக்குறியீடும் நேரமும் பதிவாகிறதா என்று பாருங்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறார்கள், அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் எங்கே வரைக்கும் ஏறுகிறது, போன வருஷம் எங்கே ஏறியது, எந்த மடுவில் ஆழம் எத்தனை குறைந்தது, மடவை வந்ததா, கொடுவா வந்ததா, பச்சை நண்டு எத்தனை கிலோ பட்டது, எல்லாம் எழுதுங்கள். கையால் இறால் பிடிக்கிற அம்மாக்களின் பெயர்ப் பட்டியலை அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். எந்த இடத்தில் பிடிக்கிறார்கள், எத்தனை வருஷமாகப் பிடிக்கிறார்கள், ஒரு நாளைக்கு என்ன வருமானம். அடுத்த முறை நிவாரணக் கணக்கெடுக்க அதிகாரி வரும்போது, “கணக்கு இதோ இருக்கிறது” என்று அந்த நோட்டை அவர் முன்னால் வையுங்கள்.

அதோடு நம் வரைபடம். தொழில் செய்கிற இடம், படகு நிறுத்துகிற இடம், வலை காயப்போடுகிற இடம், கோயில், சுடுகாடு, ஒவ்வொன்றும் அதில் வர வேண்டும். கடலோர மண்டலத் திட்டத்தில் மீனவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவையையும் சேர்க்க வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்கிறது, 2019 அறிவிக்கையும் சொல்கிறது. அதைச் செய்தார்களா? வரைவு வரைபடத்தை எடுத்துக்கொண்டு அதிகாரிகள் வரும்போது நாம் நம் வரைபடத்தை அதன் மேல் வைத்து, எந்த இடம் விடுபட்டது என்று கோடு கோடாகக் காட்ட வேண்டும். ஒரு கழிமுகத்தையே காணாமல் அடித்தவர்கள், ஒரு குப்பத்தின் வலைக்களத்தையா விட்டுவைப்பார்கள்?

கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். இதைத் தம்பிமார்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சில உரிமைகளை நமக்குத் தந்திருக்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் வேண்டும். கூட்டம் முழுவதையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும். கூட்டம் முடிகிற நேரத்தில், மக்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதிய குறிப்பை நம் மொழியில் அங்கேயே வாசித்துக் காட்ட வேண்டும். அன்றைக்கே மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும். எத்தனை கூட்டங்களில் நாம் ஆவேசமாகப் பேசிவிட்டு, கை தட்டிவிட்டு, குறிப்பை வாசிக்கும் முன்பே கலைந்து வந்திருக்கிறோம்! நாம் கிளம்பிய பிறகு எழுதுகிற குறிப்பில், “மக்கள் வேலைவாய்ப்புக் கோரினர்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் யார் கேட்பது? இனிமேல் ஒருவரும் எழுந்து போகக் கூடாது. குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கிற வரைக்கும் உட்காருங்கள். பிள்ளைக்குப் பால் வேண்டுமென்றால் கூட்டத்திலேயே கொடுங்கள், சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்லுங்கள்.

பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் இருந்த இடத்திலேயே 660 மெகாவாட் புதிய நிலக்கரி நிலையம் கொண்டுவர முனைகிறார்கள். மூடிய ஒரு உலையைத் திரும்ப மூட்டுவதற்கு முன்னால், 2022 தீர்ப்பின்படி எத்தனை டன் சாம்பலை இந்த ஆற்றிலிருந்து எடுத்தீர்கள் என்று நாம் கேட்க வேண்டும். அள்ளிய சாம்பலின் கணக்கைக் காட்டாமல் புதுச் சாம்பலுக்கு அனுமதி கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

அக்கா கேட்ட கேள்விக்கு என் இரண்டாவது பதிலைச் சொல்லி முடிக்கிறேன். ஆறு இருக்கிறதா இல்லையா என்பதைச் சட்டம் முடிவு செய்யலாம், தீர்ப்பாயம் முடிவு செய்யலாம். ஆனால் சட்டமும் தீர்ப்பாயமும் பார்ப்பது சாட்சியத்தை. அந்தச் சாட்சியத்தை எழுதப் போகிறவர்கள் நீங்கள்.

செயலாளர் இப்போது மூன்று தீர்மானங்களை வாசிப்பார். 1996 வரைபடத்தில் இருந்த கழிமுகம் முழுவதையும் புதிய வரைபடத்தில் சேர்க்கும்வரை, கழிமுகத்துக்குள் ஒரு லாரி மண்கூடக் கொட்டக் கூடாது என்பது முதல் தீர்மானம். 2022 தீர்ப்பை நிறைவேற்றும் பணியை மேற்பார்வையிடும் குழுவில், கையால் இறால் பிடிக்கும் பெண் ஒருவர் உட்பட மீனவர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்பது இரண்டாவது. கழிமுகப் பதிவேட்டை வரும் அமாவாசையிலிருந்து தொடங்குவது மூன்றாவது. வாசித்து முடித்ததும் கையை உயர்த்துங்கள். எண்ணிக்கையை எழுதி, இந்த மேடையிலேயே சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.